கொடிமரத்தான் எங்கே?

தேவிபட்டினத்தில் பஸ் நிற்கிற இடத்தில் அந்த பிளக்ஸ் போர்டைக் கட்டிய அன்று காலையில் சதக்கத்துல்லாவுக்கு டீ இறங்கவில்லை. போர்டு நிறைய ஒரு ராக்கெட். ராக்கெட்டின் ஜன்னலுக்குள்ளிருந்து கண்டக்டர் பூமிநாதன் சிரித்துக்கொண்டிருந்தான், தலையில் விண்வெளிக்காரர்கள் மாட்டுகிற கண்ணாடித் தொப்பியோடு. 'ஒன்பதாம் நிலா வெள்ளி விழா! எங்கள் கதைக் கடலே, வருக!' என்று மேலே கொட்டை எழுத்து. கீழே ரேஷன் கார்டில் ஒட்டுகிற அளவில் பதினான்கு முகங்கள். அதில் பதினோராவது முகம் சதக்கத்துல்லாவுடையது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். பதினொன்றுதான்.

"டிவி யாருது? ஆன்டெனா யாருது? வீடு யாருது?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். பக்கத்திலிருந்தவர் வெளியூர்க்காரர், நவபாஷாணக் கோயிலுக்கு வந்தவர். பாவம், என்னவோ ஏதோவென்று எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். டீக்கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மூன்று கேள்வியும் இருபது வருஷமாக அவர் காதில் விழுந்துகொண்டிருக்கின்றன.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

சதக்கத்துல்லா 1982-ல் குவைத்திலிருந்து வந்திறங்கியபோது கொண்டுவந்த சாமான்களில் ஒன்று கலர் டிவி. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் சென்னை நிலையம் எட்டாது, இலங்கை டிவிதான் எட்டும். நடுவே வெறும் தண்ணீர்தானே, மறிப்பதற்கு என்ன இருக்கிறது? மொட்டை மாடியில் இரும்புக் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனாவை மாட்டி, கிழக்கே கடலைப் பார்த்துத் திருப்பினால் படம் விழும். விழுந்த படம் நிற்காது, அதுதான் சங்கடம். காற்று ஒரு தள்ளு தள்ளினால் டிவி முழுக்க அரிசியைக் கொட்டியதுபோலப் புள்ளி புள்ளியாகிவிடும். கயிறு போட்டு இழுத்துக் கட்டினாலும் பிரயோசனமில்லை, பத்து நிமிஷத்தில் படம் வேறு திசைக்குப் போயிருக்கும். ஆகவே ஒரு ஆள் மேலே நின்று குழாயைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ஆள் சதக்கத்துல்லா. "நான் பிடிக்கிறேன், நீங்க போய்ப் பாருங்க பாய்" என்று எத்தனையோ பேர் மாடியேறி வந்ததுண்டு. விடமாட்டார். அடுத்தவன் கை பட்டால் ஆன்டெனா கெட்டுவிடும் என்பது அவருடைய நினைப்பு. குழாயைக் கட்டிக்கொண்டு, "தெரியுதா?" என்று கத்துவார். கீழேயிருந்து, "இன்னுங் கொஞ்சம் இங்கன... ஆ, போச்சு, அங்கன... நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!" என்று பதில் வரும். அதற்குமேல் அவர் அசையக் கூடாது.

சனிக்கிழமை ஏழு மணிக்கு, மஃரிபு, இஷா தொழுகைகளுக்கு நடுவே, அரை மணி நேரம் ஓடியது 'ஒன்பதாம் நிலா'. வெள்ளைக்காரர்கள் எடுத்த தொடர். வழி தவறிய ஒரு விண்கப்பல், அதற்குள் நரைமுடிக் கேப்டன் ஒருவர், ஒரு டாக்டரம்மா, பேசுகிற இயந்திரம் ஒன்று. பூமிக்குத் திரும்ப முடியாமல் கிரகம் கிரகமாக அலைவார்கள். பேசுவது இங்கிலீஷ். அடியில் ஓடுகிற எழுத்து சிங்களம். பார்க்க வந்தவர்களுக்கு இரண்டும் தெரியாது. வலைக்காரர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், பள்ளிவாசலிலிருந்து நேரே வருகிறவர்கள், உள்வீட்டில் அவர் மனைவி மஜீதாவோடு இருபது பெண்கள் என்று எழுபது எண்பது பேர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கேதான் பூமிநாதன் நுழைந்தான். ராமநாதபுரத்திலிருந்து வருகிற பஸ்ஸின் கண்டக்டர். ஆறே முக்காலுக்கு வந்து சேர்ந்தால் ஒரு மணி நேரம் ஹால்ட். எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவன், விசிலும் கையுமாக அலைகிறவன், தொண்டை வெண்கலம். முதல் வாரமே கூட்டத்தின் முழியைப் பார்த்துவிட்டு, "கேப்டன் என்ன சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து அவன் வராமல் யாரும் டிவியைப் போடவிடவில்லை. அந்தப் பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டிய பயணிகளும் மூட்டையோடு வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

பூமிநாதன் சொன்ன கதையில் கேப்டன் தொலைந்துபோன தன் மகளைத் தேடிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவருக்குத் தங்கை முறை. இயந்திரத்துக்கு உள்ளூர ஊர் ஏக்கம். ஒவ்வொருத்தரும் பேசுகிறபோது அவன் குரல் ஒவ்வொரு மாதிரி மாறும். அதையெல்லாம் அவன் சுவர் உச்சியில் இருந்த வெண்டிலேட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கிற சத்தத்தில் சொல்வான். மாடியில் நிற்கிற சதக்கத்துல்லாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். 'அலட்டல். பஸ்ஸுக்குள் கத்திக் கத்திப் பழகிய வாய்' என்று பல்லைக் கடித்துக்கொள்வார்.

ஆனால் காதைக் கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. தன் வீட்டில், தன் டிவியில் ஓடுகிற தொடரை அவர் பார்த்ததே இல்லை. அவருக்குக் கிடைத்ததெல்லாம் வெண்டிலேட்டர் வழியாக வந்த அந்தக் குரல்தான். அந்தக் குரல் சொன்ன ஆட்களில் அவருக்குப் பிடித்தவன் கொடிமரத்தான். கப்பலுக்கு வெளியே, உச்சியில், இருட்டுக்குள் தனியாக நின்று ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவன் அவன். அந்தக் கம்பம் பூமியிலிருந்து வருகிற வெளிச்சத்தை வாங்கிக் கப்பலுக்குக் கொடுக்கும். அவன் கை தளர்ந்தால் கப்பலுக்குக் கண் இல்லை. உள்ளே இருப்பவர்கள் சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், அவன் மட்டும் மேலேயே நிற்பான். பூமிநாதன் கொடிமரத்தான் பேரை எடுத்தாலே கீழே சிரிப்பும் கைதட்டலும் கிளம்பும். யாரோ பெரிய நடிகன்போல என்று நினைத்துக்கொள்வார் சதக்கத்துல்லா. பெரிய மீசை வைத்த ஆளாக மனசுக்குள் அவனை வரைந்தும் வைத்திருந்தார்.

பிடித்தவன் என்றேன். ஆனால் அவன் மேலும் அவருக்குப் பொறாமை உண்டு, அதற்குக் காரணம் மஜீதா. சனிக்கிழமைதோறும் எல்லோரும் போன பிறகு கோடாலித் தைலத்தை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் தேய்த்துவிடுவாள். தேய்க்கிறபோது பேச்சு முழுக்க அவனைப் பற்றித்தான் இருக்கும்.

"கொடிமரத்தான் கையெல்லாம் காப்புக் காய்ச்சிப் போச்சாம்ங்க. கண்டக்டர் சொன்னப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"என் கையைப் பாத்தா வரல. எவனோ வெள்ளைக்காரன் கைக்கு வருதாக்கும்."

மஜீதா விழுந்து விழுந்து சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவருக்குப் புரியாது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்.

இப்படி ஐந்து வருஷம் போயிற்று. ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த மலையாண்டி என்ற இளவட்டம் இதற்குள் ரசிகர் மன்றமே ஆரம்பித்துவிட்டான். 1987-ல் ஐந்தாம் ஆண்டு விழா. சதக்கத்துல்லா வீட்டு முற்றத்திலேயே டிவியைத் தூக்கி மேஜையில் வைத்து, சீரியல் பல்பு போட்டு, ஊரையே கூட்டினார்கள். அன்றைக்குப் பார்த்துக் காற்று. சதக்கத்துல்லா மாடியில் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே தன் கண்முன்னே, தன் முற்றத்தில், பூமிநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'கதைக் கடல்' என்று பட்டம். கைதட்டல் கடற்கரை வரைக்கும் போயிருக்கும். பூமிநாதன் பொன்னாடையைக் கழற்றி மாடியைப் பார்த்து ஆட்டினான். பாத்தியா என்று காட்டுகிறான் என்றே சதக்கத்துல்லாவுக்குப் பட்டது. வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், பற்றி எரிந்தது.

அன்றைய கதையில் பெரும்புயல். கொடிமரத்தான் தனியாக மாட்டிக்கொண்டான், அவன் கை கம்பத்தோடு உறைந்துபோயிற்று. அதோடு அந்த வாரத்துக்கு முடிந்தது.

மறு சனிக்கிழமை ஜனங்கள் வந்தபோது மாடியில் ஆன்டெனா இல்லை. "செட்டு ரிப்பேரு" என்றார் சதக்கத்துல்லா. அதற்கு அடுத்த வாரமும் ரிப்பேர். பூமிநாதன் ஒரு நாள் தனியாக வந்து வாசலில் நின்றான்.

"என்ன பாய், எம்மேல எதுவும் கோவமா?"

"ரிப்பேருன்னா ரிப்பேருதான். போய் பஸ்ஸைப் பாரு."

அவன் போய்விட்டான். பிறகு சதக்கத்துல்லா கயிற்றுக் கடை வைத்தார். மகன் சலாஹுதீன் ஷார்ஜாவுக்குப் போனான். பூமிநாதனுக்கு ரூட் மாறியது, தலை நரைத்தது. மலையாண்டி கேபிள் டிவி நடத்தி ஆளாகிவிட்டான். ஒன்பதாம் நிலா மட்டும் நிற்கவில்லை. புதுப் புது நடிகர்களோடு எங்கெங்கோ ஓடிக்கொண்டே இருந்தது. மலையாண்டி அதைக் கேபிளிலும் விட்டுப் பார்த்தான். சதக்கத்துல்லா அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். மற்றவர்களுக்கும் அது ருசிக்கவில்லை. "கண்டக்டர் சொல்லாம அது என்னய்யா படம்?" என்று ஊரே பேசியது. கொடிமரத்தான் என்ன ஆனான் என்று பூமிநாதனைப் பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்டார்கள். "படம் விழுந்தாத்தானே கதை" என்று சொல்லிவிடுவான். அதைக் கேட்கும்போதெல்லாம் சதக்கத்துல்லாவுக்குக் கொஞ்சம் குளுகுளுவென்று இருக்கும்.

இப்போது 2007. வெள்ளி விழா, பிளக்ஸ் போர்டு, பதினோராவது முகம்.

அந்த வாரம்தான் சலாஹுதீன் அனுப்பிய பார்சல் வந்தது. வாப்பாவுக்குப் பிடிக்குமே என்று ஒன்பதாம் நிலாவின் பழைய பாகங்களைத் தமிழில் பேசவைத்து வெளியிட்ட டிவிடி மொத்தமும் வாங்கி அனுப்பியிருந்தான். வைராக்கியம் ஒரு மதியம்கூடத் தாங்கவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நைலான் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஐம்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக அந்தத் தொடரைப் பார்த்தார்.

கேப்டனுக்கு மகளே இல்லை. அவர் சிறையிலிருந்து தப்பிய கைதி. டாக்டரம்மா அவரைக் காட்டிக்கொடுக்க வந்த உளவாளி. இயந்திரத்துக்கு ஏக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, கணக்குப் போடுகிறது அவ்வளவுதான். சதக்கத்துல்லாவுக்கு மூச்சு வாங்கியது. ஆக, பூமிநாதனுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது! ஐந்து வருஷமும் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டிருக்கிறான்! அவர் பார்க்கக் காத்திருந்தது கொடிமரத்தானை. ஒரு டிவிடி பார்த்தார், இரண்டு பார்த்தார், நான்கு நாள் மதியச் சாப்பாட்டை மறந்து எல்லாவற்றையும் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். கப்பலுக்கு வெளியே ஒரு ஈ காக்கை இல்லை.

ஊர் முன்னால் பூமிநாதனின் புளுகை உடைத்துவிடலாம் என்று மனசு அப்படியே நிறைந்துபோயிற்று. மஜீதாவிடம்கூட மூச்சுவிடவில்லை. சொன்னால் தடுத்துவிடுவாள் என்று பயம்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தில். பிளைவுட்டில் செய்த ராக்கெட்டைப் பூமிநாதனின் பழைய பஸ் கம்பெனிக்காரர்கள் ஒரு பஸ் கூரையில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பால் ஊற்ற வேண்டும் என்று சிலர் நின்றார்கள். பிளைவுட் உப்பிப் போகும் என்று தச்சர் மறித்ததால் மாலை போட்டதோடு விட்டார்கள். மஜீதா பெரிய தட்டு நிறையத் தொதல் அல்வா கிண்டிக்கொண்டு வந்திருந்தாள். முதல் துண்டை மேடையில் இருந்த பூமிநாதனுக்குக் கொடுத்தனுப்பினாள். அதையும் பார்த்து வைத்துக்கொண்டார் சதக்கத்துல்லா.

"மலையாண்டி, நானும் மன்றத்துக்கு ஒரு பரிசு கொண்டாந்துருக்கேன்ப்பா. புரொஜக்டர்ல போடு" என்று டிவிடியை நீட்டினார்.

திரையில் படம் விழுந்தது. கேப்டன் நல்ல தமிழில், தான் செய்த கொலையைப் பற்றிப் பேசினார், டாக்டரம்மா ஒளிந்து நின்று அதைக் குறித்துக்கொண்டாள். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "என்னய்யா இது? டாக்டரம்மா நல்ல பொம்பளையாச்சே!" என்று ஒரு கிழவர் கோபப்பட்டார். பூமிநாதன் தலையைக் குனிந்துகொண்டான். கையில் தொதல் அப்படியே இருந்தது. அந்தக் குனிந்த தலையைப் பார்க்கத்தான் சதக்கத்துல்லா இருபது வருஷம் காத்திருந்தார். மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா எல்லாரும்? இதுதான் நெசக் கதை. ஒங்க கதைக் கடலுக்கு இங்கிலீசு தெரியாது! தெரியாமத்தான் அஞ்சு வருசம் நம்மளை ஏமாத்திருக்காரு!"

பிறகு மலையாண்டி சிரித்துவிட்டான்.

"பாய், அவருக்கு இங்கிலீசு தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? கேப்டன் ஒத்த வார்த்தை பேசுவாரு, இவரு அஞ்சு நிமிசம் சொல்லுவாரு. நாங்க டிவிக்கு எதுக்க ஒக்காந்து பாத்தவுகதானே!"

மண்டபமே சிரித்தது. சதக்கத்துல்லாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. ஆனாலும் கடைசி ஆயுதம் கையில் இருந்தது.

"சரி, அது கெடக்கட்டும். கொடிமரத்தான் எங்க? அத்தனை டிவிடியையும் பாத்துட்டேன். அப்படி ஒரு ஆளே கெடையாது! மேல நிக்கிறானாம், கம்பத்தைப் பிடிச்சிருக்கானாம், கை காய்ச்சிப் போச்சாம்! எங்க அவன்? காட்டச் சொல்லுங்க பாப்போம்!"

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சதக்கத்துல்லாவைப் பார்த்தார்கள். பார்த்த விதம் அவருக்குப் பிடிபடவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து மஜீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"யா அல்லாஹ்! என்னங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"படத்துல அவரு எப்பங்க இருந்தாரு? நீங்கதானே மேல நின்னீங்க. கம்பத்தைப் பிடிச்சது நீங்கதானே. படம் புள்ளி புள்ளியாப் போறப்பல்லாம் கண்டக்டர் ஒங்க கதையை எடுத்து விடுவாரு. ஊருக்கே தெரியும். ஒங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்! கையில தைலம் தேய்க்கிறப்ப வேற எதுக்குச் சிரிச்சேனாம்?"

கீழே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மேலே நின்றவருக்கு மட்டும் தெரியவில்லை. மஜீதா கண்ணீர் விட்டது இந்தக் கைக்கு. அந்தக் கைதட்டல் எல்லாம் இவருக்கு. அந்த மீசைக்காரன் மேல் இத்தனை வருஷம் இவர் பட்ட பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பூமிநாதன் மெல்ல எழுந்து வந்தான். "எல்லாரும் கீழ பாக்குறோம். நீங்க மேல காத்துல நிக்கிறீக. ஒங்களைச் சேக்காம என்ன கதை பாய்? ஒங்களுக்குக் கேக்கணும்னுதான் வெண்டிலேட்டருக்குக் கீழ ஒக்காந்து தொண்டை கிழியக் கத்துவேன். அன்னிக்குப் போத்துன சால்வையைக்கூட ஒங்களைப் பாத்துத்தானே ஆட்டுனேன். இது ஒங்களுக்குச் சேர வேண்டியதுன்னு. நீங்கதான் எறங்கி வரவே இல்ல."

திரையில் கேப்டன் இன்னும் கொலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மலையாண்டி போய்ச் சத்தத்தை அணைத்தான். "இத ஓரமா வைங்கப்பா. கண்டக்டரே, நீங்க சொல்லுங்க, மிச்சக் கதையை!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது.

பூமிநாதன் சதக்கத்துல்லாவைப் பார்த்தபடி நின்றான். சதக்கத்துல்லாவே கேட்டார்.

"அந்தப் புயல்ல... அவன் என்ன ஆனான்?"

"கை ஒறஞ்சு போச்சுல்ல? உள்ள இருக்கிறவுகளுக்குத் தன் ஞாபகமே இல்லன்னு நெனச்சுட்டான். கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டான் பாய். இருவது வருசமா கப்பல் இருட்டுலதான் நிக்குது. கேப்டன், டாக்டரம்மா, அந்தப் பாவப்பட்ட மிசினு, எல்லாரும் அங்கனயே நிக்கிறாக."

சதக்கத்துல்லா தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மைக் கையில் இருப்பதை அவர் மறந்துபோயிருந்தார். பூமிநாதனுக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏறச் சொல்லுய்யா அவனை."